டால்பட் மேசையில் விட்டுப்போன காகிதம்

உங்க போன் கேலரியைத் திறந்து ஒரு ஆறு மாசம் பின்னாடி போய்ப் பாருங்க. எடுக்கணும்னு நினைச்சு எடுக்காத படம் ஒண்ணாவது கண்டிப்பா இருக்கும். பாக்கெட்ல போடும்போது தானா அமுங்கினது, பஸ் ஜன்னல் வழியா வெயில் விழுந்து யாரோ ஒருத்தரோட நிழல் மட்டும் பதிஞ்சது, இப்படி ஏதாவது. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஹாஸ்டல் மாடிப்படியில கம்பியோட நிழல் வரிவரியா விழுந்திருக்கு, நடுவுல யாரோ வச்சுட்டுப் போன பக்கெட். எப்போ எடுத்தேன்னே ஞாபகம் இல்ல. ஆனா நான் ஃபோகஸ் பண்ணி, ஆங்கிள் பார்த்து எடுத்த எல்லாத்தையும்விட அது நல்லா இருக்கு. டெலீட் பண்ண மனசு வரல.

இப்படித் தானா வந்து நின்ன ஒரு படத்தைப் பார்த்து அசந்துபோன ஒரு மனுஷனைப் பத்தித்தான் இந்த இதழ்ல எழுதுறேன். பேர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். டிஜிட்டல் கேமரா வர்ற வரைக்கும் உலகம் பூரா ஸ்டூடியோக்களில் ஒரு நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை காப்பி வேணும்னாலும் போட்டுக் கொடுத்தாங்க இல்லையா? அந்த வழியைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். (ஸ்கூல் பூரா இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

டால்பட் பிறந்தது 1800 பிப்ரவரி 11. பிறந்து சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். லேக்காக் என்ற ஊரில் பழைய கன்னிமாடம் ஒன்றை வீடாக மாற்றிய பெரிய சொத்து குடும்பத்துக்கு இருந்தது, கூடவே கடனும் இருந்தது. அம்மா எலிசபெத் அதையெல்லாம் சமாளித்து பையனைப் படிக்க வைத்தார். கேம்பிரிட்ஜில் கிரேக்கச் செய்யுள் எழுதிப் பரிசு வாங்கினார், கணிதத் தேர்வில் பன்னிரண்டாவது இடத்தில் வந்தார். நம்ம காலேஜ்ல இப்படி ஒருத்தன் இருந்தா எந்த கேங்க்லயும் சேர்க்க மாட்டோம். கணக்கு, ஒளியியல், வேதியியல், செடிகொடி, பழைய மொழிகள் என்று எல்லாத்திலயும் கை வைப்பார். 31 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். நடுவில் கொஞ்ச காலம் எம்.பி.யாகவும் இருந்தார், அது நம்ம கதைக்குத் தேவையில்லை.

இவ்வளவு தெரிந்த ஆளுக்கு ஒன்றே ஒன்று வரவில்லை. படம் வரைய வராது.

1833 அக்டோபரில், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், மனைவி கான்ஸ்டன்ஸுடன் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இருந்தார். அந்தக் காலத்தில் டூர் போனவர்கள் பார்த்த இடத்தை வரைந்து கொண்டுவருவார்கள், நாம போஸ்ட் போடற மாதிரி. கான்ஸ்டன்ஸுக்கு நன்றாக வரைய வரும். டால்பட் கையில் கேமரா லூசிடா என்ற கருவி இருந்தது. பேரில்தான் கேமரா. உண்மையில் அது ஒரு கம்பியும் முனையில் ஒரு பிரிஸமும்தான். பிரிஸம் வழியாகப் பார்த்தால் எதிரில் இருக்கும் காட்சி கீழே காகிதத்தின் மேல் விழுந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். அதன் மேலேயே பென்சிலை ஓட்டிவிட்டால் படம் ரெடி என்று நினைப்போம். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் காகிதத்தில் பரிதாபமான கோடுகள்தான் மிஞ்சின. ட்ரேஸிங் பேப்பர் வச்சும் படம் கோணலா வந்த கதைதான், இன்ஜினியரிங் டிராயிங் ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல நம்மில் பல பேருக்கு நடந்தது.

அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வருஷங்களுக்கு முன்னால் கேமரா அப்ஸ்க்யூராவையும் அவர் பயன்படுத்தியிருந்தார். இருட்டுப் பெட்டி, ஒரு லென்ஸ், பின்னால் காகிதத்தில் வெளிக்காட்சி அப்படியே விழும். விழும், ஆனால் தங்காது. பெட்டியைத் திருப்பினால் போய்விடும். அந்த பிம்பம் கை உதவி இல்லாமல் தானே காகிதத்தில் பதிந்து நின்றுவிட்டால்? ஒளி சில வேதிப்பொருள்களை மாற்றும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அப்படியானால் ஏன் முடியாது? ஊருக்குத் திரும்புவதற்குள் மறந்துவிடக் கூடாதென்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

1834-ல் லேக்காக் வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தார். நல்ல எழுதுகாகிதத்தை சாதாரண உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மேலே சில்வர் நைட்ரேட் பூசினார். காகிதத்தின் நாருக்குள் சில்வர் குளோரைடு உருவாகும். வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். மேலே ஒரு இலையோ லேஸ் துணியோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுத்துப்போகும். இலையின் நரம்பு, லேஸின் ஒவ்வொரு இழை, எல்லாம் அப்படியே. இதில் வரைந்தது யாரும் இல்லை, நிழல் விழுந்தது அவ்வளவுதான். இந்தக் கலைக்கு நிழலால் எழுதுவது என்று பொருள் வரும் கிரேக்கப் பெயரைத்தான் முதலில் அவர் யோசித்தார். போட்டோகிராபி என்ற பெயரை அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷல்தான் பிறகு பரப்பினார். அதற்கு ஒளியால் எழுதுவது என்று பொருள். நம்ம தமிழைப் பாருங்க, நிழற்படம்னும் சொல்றோம், ஒளிப்படம்னும் சொல்றோம். அவங்க ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாங்க, நாம ரெண்டையும் வச்சுக்கிட்டோம்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லணும். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடங்களில் இது ஒண்ணு. சில காகிதங்களை வெயிலில் வைத்தபோது எல்லா இடமும் ஒரே மாதிரி கறுக்கவில்லை. பிரஷ் போன பகுதியின் ஓரங்கள் மட்டும் சீக்கிரமாகக் கறுத்தன. நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? பூசினது சரியில்லன்னு அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுட்டு, நடுப்பகுதி ரீடிங்கை மட்டும் ரெக்கார்டுல எழுதுவோம். அவர் ஓரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓரத்தில் மட்டும் உப்பின் அளவு வேறாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். சோதித்துப் பார்த்தால் சரி. உப்பு குறைவாக இருந்தால் காகிதம் வெளிச்சத்துக்கு வேகமாக மசிகிறது. உப்பு அதிகமானால் மசிவதே இல்லை. ஒரே கண்டுபிடிப்பில் ரெண்டு வேலை முடிந்தது. படம் எடுக்க உப்பைக் குறைக்கலாம். எடுத்த படம் மேலும் கறுக்காமல் நிறுத்த, கெட்டியான உப்புக் கரைசலில் முக்கலாம். இவருக்கு முன்பே 1802-ல் வெட்ஜ்வுட்டும் டேவியும் சில்வர் நைட்ரேட்டால் படம் எடுத்துவிட்டார்கள், ஆனால் அதை நிறுத்தி வைக்க வழி தெரியாமல் கைவிட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது இவருக்குக் காகிதத்தின் ஓரத்தில் கிடைத்தது.

1835 கோடையில் கேமராவுக்கு வந்தார். பெரிய பெட்டியில் காகிதத்தை வைத்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்பவும் விவரம் வராது. அதனால் சின்னச் சின்ன மரப்பெட்டிகளைச் செய்ய வைத்தார். லென்ஸ் குவியத்தூரம் குறைந்தால் பிம்பம் சின்னதாகும், அதே வெளிச்சம் சின்ன இடத்தில் குவியும், காகிதம் சீக்கிரம் கறுக்கும். இன்னைக்கு எஃப் நம்பர்னு சொல்றோமே, அந்தக் கணக்குதான். வீட்டைச் சுற்றி அங்கங்கே தரையிலும் மேசையிலும் இந்தப் பெட்டிகளை வைத்துவிட்டுப் போவார். கான்ஸ்டன்ஸ் அதற்கு எலிப்பொறி என்று பேர் வைத்தார். நல்ல பேர். வச்சுட்டுப் போகணும், அப்புறம் வந்து என்ன மாட்டியிருக்குன்னு பார்க்கணும்.

அந்த ஆகஸ்டில் எலிப்பொறி ஒன்றில் மாட்டியது வீட்டின் தெற்குப் பக்கக் கூடத்தில் இருந்த ஜன்னல். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம். வெளிச்சம் வரும் கண்ணாடிகள் கறுப்பாகவும் சட்டங்கள் வெளுப்பாகவும் தலைகீழ் நிறத்தில் வந்தன. இன்றும் இருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஜன்னலின் சின்னச் சின்னக் கண்ணாடிகளை, சுமார் 200-ஐ, எண்ண முடிந்தது என்று பக்கத்தில் அவர் கையால் எழுதி வைத்திருக்கிறார். 200 கண்ணாடியையும் வரையச் சொன்னால் அவரால் இரண்டு கண்ணாடிகூட வரைந்திருக்க முடியாது.

அப்புறம் என்ன பண்ணினார் தெரியுமா? டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார்.

நிஜமாத்தான். மூணு வருஷத்துக்கு மேல. தொகையீட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார், 1838-ல் அதற்கு ராயல் மெடல் கிடைத்தது. பழைய மொழிகள் பற்றிப் புத்தகம் எழுதினார். படம் எடுக்கும் வேலை இன்னும் முழுசாகவில்லை, முழுசானதும் வெளியிடலாம் என்று விட்டுவிட்டார். 1838 கடைசியில்தான் கட்டுரையாக எழுதலாம் என்று உட்கார்ந்தார்.

1839 ஜனவரி 7. பாரிஸில் அறிவியல் அகாடமியில் அரகோ என்ற விஞ்ஞானி எழுந்து, டாகர் என்ற ஓவியர் கேமராவுக்குள் விழும் பிம்பத்தை அப்படியே தகட்டில் நிறுத்திவிட்டதாக அறிவித்தார். எப்படி என்பதைச் சொல்லவில்லை.

இந்த இடத்துல என் கதை கொஞ்சம். செகண்ட் இயர்ல நானும் என் ரூம்மேட்டும் மெஸ்ல எவ்வளவு சாப்பாடு வீணாகுதுன்னு எடை போட்டுக் காட்டற ஒரு செட்டப் பண்ணினோம். லோட் செல், ஒரு போர்டு, அட்டைப்பெட்டி. வேலை செஞ்சது. செமஸ்டர் வந்துச்சு, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நல்லா பண்ணலாம்னு பேச்சு. போன வருஷம் வேற ஒரு காலேஜ் சிம்போசியத்துக்குப் போனப்போ, அதே ஐடியாவை ஒரு டீம் அழகா பண்ணி ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கிட்டுப் போனாங்க. அவங்க யாரையும் காப்பி அடிக்கல. நாங்களும் யார்கிட்டயும் சொல்லல. எங்களுக்கும் அது தோணுச்சுன்னு இப்போ சொன்னா யார் நம்புவா? அன்னைக்கு ராத்திரி பஸ்ல திரும்பும்போது வயித்துல எரிஞ்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டால்பட்டைப் பத்திப் படிச்சப்போ அந்த எரிச்சல்தான் என்னை இழுத்துச்சு.

ஆனா அவர் சும்மா உட்காரல. டாகரின் முறையும் தன் முறையும் ஒன்றா வேறா என்றே அவருக்குத் தெரியாது. ஒன்றாக இருந்துவிட்டால் ஐந்து வருஷ உழைப்பு காலி. புதுசாக எடுத்துக் காட்டலாம் என்றால் ஜனவரி மாத இங்கிலாந்தில் வெயிலுக்கு எங்கே போவது? டிராயரில் கிடந்த பழைய படங்களை அள்ளிக்கொண்டு லண்டன் போனார். ஜனவரி 25, வெள்ளிக்கிழமை இரவு, ராயல் இன்ஸ்டிட்யூஷன் நூலகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. வந்தவர்களைப் பார்க்கச் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாங்க, நம்ம எலக்ட்ரிகல் மெஷின்ஸ் புக்ல வர்ற அதே ஃபாரடே. ஜனவரி 31 அன்று ராயல் சொசைட்டியில் டால்பட்டின் கட்டுரை வாசிக்கப்பட்டது. மறுநாளே ஹெர்ஷலைப் போய்ப் பார்த்தார். ஹெர்ஷல் செய்தி கேள்விப்பட்ட சில நாளில் தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஹைப்போ என்ற உப்பு, மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை அப்படியே கரைத்து எடுத்துவிடும். அதை ஒளிக்காமல் டால்பட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஃபிலிம் காலம் முடியும் வரை டார்க் ரூம்களில் அதுதான் ஓடியது. (1842-ல் சயனோடைப் கண்டுபிடித்தவரும் இதே ஹெர்ஷல்தான். இன்ஜினியர்கள் நீலத்தாளில் எடுத்த புளூபிரிண்ட் அதிலிருந்து வந்தது.)

பிறகு தெரிந்தது, ரெண்டும் சம்பந்தமே இல்லாத முறைகள். டாகருடையது வெள்ளி பூசிய செம்புத் தகடு. கண்ணாடி மாதிரி துல்லியம், ஆனால் ஒரே ஒரு படம், காப்பி எடுக்க முடியாது. டால்பட்டுடையது காகிதம். கொஞ்சம் மங்கல், ஆனால் நெகட்டிவ். பிரெஞ்சு அரசு டாகருக்கு வருஷம் 6000 பிராங்க் பென்ஷன் கொடுத்து, அவர் முறையை உலகத்துக்கு இலவசமாக விட்டது. உலகம் என்றால் இங்கிலாந்து தவிர. அறிவிப்புக்குச் சில நாள் முன்னால் அங்கே மட்டும் பேடன்ட் பதிவு செய்திருந்தார்கள். டால்பட்டுக்கு பென்ஷனும் இல்லை, பெரிய கைதட்டலும் இல்லை.

இனிதான் தலைப்பில் சொன்ன காகிதம். 1840 செப்டம்பர். எந்தக் காகிதம் வேகமாக மசியும் என்று பார்க்க, விதவிதமாகப் பூசிய துண்டுகளைக் கேமராவில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் இல்லை. இருட்டறை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து எடுத்தால் அதில் தெளிவாக ஒரு படம். முன்னால் பார்த்தபோது அது இல்லை என்பது அவருக்கு நிச்சயம். இருட்டில், யாரும் தொடாமல், தானே வந்திருக்கிறது.

அப்போது அவர் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. அந்தத் துண்டை எந்தக் கலவையில் தயாரித்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. உடனே அதேபோல இன்னொன்று செய்து பார்க்க முடிந்தது. காரணம் காலிக் அமிலம். வெளிச்சம் பட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடம் விழுந்திருக்கிறது. அந்த அமிலம் அதை மெல்லப் பெருக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறது. படம் கேமராவுக்குள்ளேயே முழுசாக வரவேண்டியதில்லை. தடம் விழுந்தால் போதும், மிச்சத்தை இருட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். டெவலப் பண்றதுன்னு நாம சொல்றது அதைத்தான். மணிக்கணக்கு நிமிஷக்கணக்கானது. அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, கான்ஸ்டன்ஸை உட்கார வைத்து மூன்றே நிமிடத்தில் படம் எடுத்தார். இலையும் ஜன்னலும் போய் மனுஷ முகம் வந்துவிட்டது.

கதை இங்கே முடிஞ்சிருந்தா அவர் எனக்கு ஹீரோ. முடியல. 1841 பிப்ரவரியில் இந்த முறைக்கு கேலோடைப் என்று பெயர் வைத்து பேடன்ட் வாங்கினார். ஒருமுறை சூடு பட்டவர் இல்லையா? எடுக்க நினைத்தவர்கள் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்த பேடன்ட் கிடையாது. எடின்பரோவில் ஹில், ஆடம்சன் என்ற இரண்டு பேர் அதே முறையில் எடுத்த முகங்களைத் தேடிப் பாருங்க, மீன்காரப் பெண்கள் முதற்கொண்டு எடுத்திருக்காங்க, அசந்துடுவீங்க. கட்டணம் இருந்த இங்கிலாந்தில் அப்படிப் பரவவில்லை. 1851-ல் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடியில் எடுக்கும் கொலோடியன் முறையைக் கண்டுபிடித்து, பேடன்ட் எதுவும் வாங்காமல் வெளியிட்டார். அதுவும் என் பேடன்ட்டுக்குள் அடங்கும் என்றார் டால்பட். நண்பர்களே சங்கடப்பட்டார்கள். 1852-ல் தொழில்முறை முகப்படங்கள் தவிர மற்ற உரிமைகளை விட்டுக்கொடுத்தார். 1854 டிசம்பரில் லரோஷ் என்ற போட்டோகிராபர் மீது போட்ட வழக்கில், கேலோடைப் கண்டுபிடித்தவர் டால்பட்தான் என்று ஜூரி ஒப்புக்கொண்டது, ஆனால் லரோஷ் அதை மீறவில்லை என்றும் சொல்லிவிட்டது. அத்தோடு பேடன்ட் விஷயத்தை விட்டார். ஆர்ச்சர் காசில்லாமல் 1857-ல் இறந்தார். யார் பக்கம் நிக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. கட்டிலுக்கு அடியில கிடந்த எங்க அட்டைப்பெட்டியை நினைச்சா டால்பட் பக்கம், ஆர்ச்சரை நினைச்சா அந்தப் பக்கம்.

வழக்குகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக அவர் வெளியிட்ட இயற்கையின் பென்சில் என்ற புத்தகம். 24 படங்கள். ஒவ்வொரு பிரதியிலும் நிஜப் போட்டோக்களையே கையால் ஒட்டினார்கள். ஒரு படத்தில் பாதி திறந்த கதவு, சாய்த்து வைத்த துடைப்பம், அதன் நிழல் கதவின் மேல் சரிந்து விழுகிறது. ராஜா ராணி இல்லை, கோட்டை இல்லை, துடைப்பம். வேறு யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் ஒரு கீற்று வெயிலோ ஒரு நிழலோ போதும், ஓவியனின் கண் நின்றுவிடும் என்பது அவர் விளக்கம். பீங்கான் சாமான்களைப் படம் எடுத்து, திருட்டுப்போனால் கோர்ட்டில் இதையே சாட்சியாகக் காட்டலாம் என்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிக் கட்டடம் ஒன்றின் படத்துக்கு எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. எடுத்தவனுக்கே தான் என்ன எடுத்தோம் என்று முழுசாகத் தெரியாது, பல நாள் கழித்து உற்றுப் பார்க்கும்போது சுவரில் ஒரு எழுத்தோ, ஒட்டிய நோட்டீஸோ, கடிகார முள் காட்டும் மணியோ கண்ணில் படும் என்கிறார். படம் எடுப்பது வந்து ஐந்தாறு வருஷம்கூட ஆகாத காலத்தில் எழுதியது இது. என் பக்கெட் படத்தை அப்புறம் ஜூம் பண்ணிப் பார்த்தேன். மேல் படியில ஒரு கால் தெரியுது, யாருதுன்னு தெரியல.

பிற்பாடு மின்பொறி வெளிச்சத்தில், சுழலும் சக்கரத்தில் ஒட்டிய செய்தித்தாளை எழுத்து தெரியும்படி படம் எடுத்துக் காட்டினார், 1851-ல். படங்கள் வெளுத்துப்போகாமல் இருக்க அச்சு மையில் எடுக்கும் வழி தேடினார். அதற்கிடையில் ஆப்பெழுத்து படிக்கக் கற்றுக்கொண்டார். 1857-ல் ஒரு அசீரியக் கல்வெட்டை நான்கு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து சீல் வைத்து அனுப்பி, ஒத்துப்போகிறதா என்று சோதித்தார்கள். ஒத்துப்போனது. நால்வரில் ஒருவர் டால்பட். 1877 செப்டம்பர் 17 அன்று லேக்காக்கில் இறந்தார்.

அந்த வீட்டை நீங்க பார்த்திருக்கீங்க. ஹாரி பாட்டர் முதல் ரெண்டு படத்துல ஹாக்வார்ட்ஸ் காட்சிகள் சிலதை அங்கேதான் எடுத்தாங்க. இப்போ போறவங்க அந்தக் கூடத்துல நின்னு ஜன்னலை போன்ல எடுத்துட்டு வர்றாங்க. அந்தச் சின்ன நெகட்டிவ் மங்கிப் போயிருக்கு. ஜன்னல் அதே இடத்துலதான் இருக்கு. என்னைக்காவது போனீங்கன்னா கண்ணாடியை எண்ணிப் பார்த்துட்டு எனக்கு மெசேஜ் போடுங்க.